கொடியிதழின் முதுகு

பிப்ரவரிக் கடைசியில், வேலியோரம் பனி அழுக்காகக் கிடந்த ஒரு காலையில், வில்மரின் கொட்டகையில் அந்த வருடத்தின் முதல் கன்று விழுந்தது. எழுந்து நிற்கவில்லை. நிற்க முடிந்தால்தானே! முன்னங்கால் இரண்டும் முட்டியில் உள்பக்கமாக முறுக்கிக்கொண்டு, முதுகு வில்லாக வளைந்து, கழுத்து ஒரு பக்கம் திருகிப்போய்க் கிடந்தது. தாய்ப்பசு நக்கி நக்கிப் பார்த்தது. எழுந்திரு எழுந்திரு என்று மூக்கால் முட்டியது. அது என்ன செய்யும், பாவம்! மடங்கின முட்டியால் இரண்டடி இழுத்துக்கொண்டு போய் வைக்கோலில் குப்புற விழுந்தது.

கொட்டகை வாசலில் காபிக் குடுவையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் வில்மரின் அக்கா ஆர்டித். அறுபத்தாறு வயதுக்காரி. ஓடைக்கு அந்தப் பக்கம் சொந்த மேட்டில், புருஷன் போன பிறகும் முப்பது மாட்டைத் தனியாக வைத்துக் காப்பாற்றுகிறவள். செத்துப் பிறந்த கன்று, கால் முன்னே வந்த கன்று, பனியில் விறைத்த கன்று என்று அவள் பார்க்காதது கிடையாது. அதற்கெல்லாம் நடுங்காதவள் இதற்கு நடுங்கினாள். ஏனென்றால், போன கோடையில் தம்பியின் மாடுகளை வடக்கு மேய்ச்சலில் விடச் சொன்னது அவள்தான்.

"ஒண்ணுதானே வில்மர். ஒரு கன்னு கோணலா விழுறது எங்கயும் உள்ளதுதான்."

"சரி, நீ வீட்டுக்குப் போ."

"ஒண்ணை வெச்சு எதுவும் முடிவு பண்ணாத. சொல்றேன்ல?"

"நான் எதுவும் முடிவு பண்ணல, ஆர்டித். நீ உள்ள போ, கூகன் இருக்கு, எடுத்துச் சாப்பிடு."

சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை அவன் எடுத்ததைப் பார்த்துத்தான் அவள் திரும்பினாள். சமையலறையில் அவன் சுட்டு வைத்திருந்த கூகன் என்ற இனிப்பு ரொட்டி தட்டில் இருந்தது. தொடவில்லை, காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் ஒரு தடவைதான் கேட்டது. அதற்கப்புறம் அந்தப் பசு மத்தியானம் வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தது.

இதன் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதற்கு முந்தின வருடம் வில்மரின் நூற்றிருபது பசுக்களில் முப்பத்தொன்று இப்படிக் கோணல் கன்று போட்டது. ரிட்ஸ்வில் ஊருக்குத் தெற்கே மாடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் காரணம் சொல்லுவார்கள்: லூப்பின். ஜூலையில் புல் காய்ந்து சருகாகிவிடும். லூப்பின் மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும். வயிற்றில் இரண்டாம் மூன்றாம் மாதக் கன்றோடு இருக்கிற பசு அதைத் தின்றால், உள்ளே இருக்கிற குட்டி அசைவற்று மரத்துப்போய்விடும். அசையாமல் எப்படிக் கிடந்ததோ அப்படியே எலும்பு பிடித்துக்கொள்ளும். பசுவுக்கு ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு பளபளவென்று இருக்கும். விஷயம் தெரிய கன்று விழ வேண்டும்.

ஆனால் லூப்பின் என்றால் ஒரு லூப்பினா இருக்கிறது? அந்தக் கருங்கல் மேடுகளில், சேஜ் புதர்களுக்கு நடுவே, நீலமாகப் பூத்து நிற்பதையெல்லாம் எல்லாரும் லூப்பின் என்று ஒரே பெயரில் கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எது விஷம், எது சும்மா என்று எவனும் குனிந்து பார்த்ததில்லை. ஆர்டித் குனிந்தாள். தபாலில் ஒரு செடிப்புத்தகம் வரவழைத்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மே மாதம் முதல் ஜூலை வரை தம்பியின் நிலத்தை ஓர் அங்குலம் விடாமல் நடந்து தீர்த்தாள். மூட்டுவலியாவது ஒன்றாவது!

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை அது. உள்ளங்கை விரித்தாற்போன்ற இலை எல்லா லூப்பினுக்கும் உண்டு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பூவின் அடியில், புல்லிவட்டத்தின் பின்னால், குட்டி வால்போல நீட்டிக்கொண்டிருந்தால் அது ஒரு சாதி. ஓடைக்கரை ஈரத்தில் இடுப்புயரம் வளர்ந்து, இலையின் மேற்பக்கம் முடியே இல்லாமல் வழவழவென்று இருந்தால் இன்னொரு சாதி. இவை இரண்டும் அங்கே கொஞ்சம்தான். மேடு முழுக்கக் கிடந்தது வேறு இரண்டு, அவற்றைப் பிரிப்பதில்தான் உயிர் போகும். அவரைப்பூவைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் அகலமாக நிமிர்ந்து நிற்கிற இதழ் ஒன்று இருக்குமே, அதைத்தான் கொடியிதழ் என்பார்கள். லூப்பினும் அந்த வகைப் பூதான். கொடியிதழின் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதுகு பூராவும் முடி அடர்ந்து, பூக்கள் காம்பே இல்லாததுபோலத் தண்டோடு ஒட்டி நெருக்கியடித்து, செடியே வெள்ளைக் கம்பளி போர்த்தினாற்போல இருந்தால் வெல்வெட் லூப்பின். அதுதான் கன்றைக் கோணலாக்குகிற பாவி என்று புத்தகமே சொன்னது. முதுகு மொழுமொழுவென்று இருந்தால் கந்தக லூப்பின்.

"நீலமாப் பூக்குறதுக்குப் பேரு கந்தகமா? எந்தக் குடிகாரன் வெச்சான்?" என்று வில்மர் சிரித்தான்.

"மத்த எடத்துல மஞ்சளாப் பூக்குமாம். நம்ம எடத்துல நீலம்."

"நம்ம எடத்துல எல்லாமே இப்படித்தான், புரொபசரம்மா."

ஊரில் காபிக்கடையில் அவளைக் கிண்டலடிக்காதவர் இல்லை. பக்கத்து நிலத்துக்காரன் லாய்ட், "ஆர்டித்தைப் பார்த்தியா? பூவுக்கெல்லாம் முதுகு சொறிஞ்சு விடறா" என்று அவள் காதுபடவே சொன்னான். சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு ஒரே நினைப்புதான். வில்மர் அவளைவிட மூன்று வயது சின்னவன். பிள்ளைகுட்டி இல்லை, கல்யாணம் நிலைக்கவில்லை. அப்பா விட்டுப்போன அந்தப் பசுக்களைத் தவிர அவனுக்கு உலகத்தில் ஒட்டு உறவு எதுவும் கிடையாது. அது போனால் அவன் எழுந்து எங்கே போவான்?

ஜூலை முதல் வாரம் அவள் கணக்குத் தெளிவாகிவிட்டது. கிழக்கு மேய்ச்சல் பூராவும் வெல்வெட். வடக்கிலும் மேற்கிலும் கந்தகம் மட்டும்தான், ஒரு வெல்வெட்கூட இல்லை. அவளுடைய சொந்த மேட்டிலும் அதே கந்தக லூப்பின்தான். அங்கே முப்பது வருடமாக ஒரு கோணல் கன்று விழுந்தது கிடையாது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லாரும் கீழ்க்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பியை மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"கிழக்கை வேலி போட்டு மூடிடு. வடக்குல தைரியமா விடு."

"நிச்சயமா?"

"என் மாடு முப்பது வருஷமா தின்னுட்டுக் கெடக்கு. அதே செடி. அதே முதுகு. வேற என்ன வேணும் உனக்கு, சர்டிபிகேட்டா?"

இருவருமாக நாலு நாள் கம்பி இழுத்துக் கிழக்கை அடைத்தார்கள். கடைசி நாள் அவள் வடக்கு மேட்டிலிருந்து ஒரு கந்தகப் பூத்தண்டைப் பறித்து அவனிடம் கொடுத்தாள். "இதை வெச்சுக்கோ. எங்கயாவது சந்தேகம் வந்தா முதுகை ஒத்துப் பாரு." அவன் அதை வாங்கி, "எனக்கு எங்க இதெல்லாம் மண்டையில ஏறப்போகுது" என்று சொல்லி, பிக்கப் வண்டியில் வெயில் மறைக்கிற பலகைக்குப் பின்னால் செருகினான். அவள் அதை அதோடு மறந்துவிட்டாள்.

இனி மார்ச்சுக்கு வருவோம். இரண்டாவது கன்று நேராகப் பிறந்தது. மூன்றாவதும் துள்ளியது. ஆர்டித் தினமும் காலையில் ஓடையைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, கொட்டகைக்குள் நுழையுமுன் ஒரு நிமிடம் வாசலில் நின்று மூச்சை இழுத்துக்கொள்வாள். நாலாவது கோணல். ஐந்தாவதுக்கு முதுகு மட்டும் வளைவு, ஒரு வாரம் பிழைத்திருந்தது. ஆறாவது நல்லது. ஏழாவதுக்கு மேலண்ணம் பிளந்து, குடித்த பாலெல்லாம் மூக்கு வழியாக வந்தது. மாதம் பாதி தாண்டும்போது கோணல் கன்று பத்தொன்பது. வில்மர் சட்டைப்பையில் துப்பாக்கிக் குண்டு குலுங்கும் சத்தத்தோடு நடமாடினான்.

காபிக்கடையில் லாய்ட் அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். "என்ன ஆர்டித், உன் பூவெல்லாம்..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். எழுந்து போய் அவளுக்கு ஒரு காபி வாங்கி வந்து வைத்தான். கிண்டலைக்கூடத் தாங்கியிருப்பாள். அந்தக் காபியைத் தாங்க முடியவில்லை. அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வில்மர் அவள் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"செடிகளைச் சோதிக்கிற லேப் ஒண்ணு இருக்குன்னு கால்நடை டாக்டர் சொன்னாங்க. நீ புத்தகத்துக்குள்ள காயவெச்சு வெச்சிருக்கியே, அதுல வடக்கு மேட்டுச் செடியை அனுப்பு. உன் மேட்டுதையும் சேர்த்து அனுப்பு."

"அனுப்புறேன்."

"ஆர்டித், நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காத. நீ தப்பாப் பார்த்திருந்தா நான் பிழைச்சேன். வடக்குல இருக்கறதும் வெல்வெட்தான்னு வந்துடுச்சுன்னா அதையும் அடைச்சுட்டு மேற்குல விட்டுக்கலாம். இன்னொரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேன். நீ சரியாப் பார்த்திருந்தா..."

"பார்த்திருந்தா?"

"கந்தகமும் விஷம்னா என் நிலத்துல மிச்சம் எது? மாட்டை எங்க விடுவேன், ரோட்டுலயா? மொத்தமா வித்துட வேண்டியதுதான்."

அவள் அன்றைக்கே பொட்டலம் கட்டினாள். அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம் இருக்கிறதே, அது நரகம். எந்தப் பெண்பிள்ளையாவது தான் முட்டாளாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாளா? இவள் வேண்டிக்கொண்டாள். தப்பாகப் பார்த்திருக்க வேண்டும், ஆண்டவரே, என் கண் மங்கியிருக்க வேண்டும், ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மிச்சமிருந்த வடக்கு மேட்டுத் தண்டுகளை மேஜையில் பரப்பிவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு காய்ந்த பூவாகத் திருப்பி லென்ஸில் பார்த்தாள். ஒரு முடி. முதுகில் ஒரே ஒரு மயிரிழை கிடைத்தால்கூடப் போதும். நாலு நாள் தேடினாள். ஒரு நாள் ஒன்று கிடைத்தது. ஊதிப் பார்த்தாள், பறந்து போயிற்று. அவளுடைய பூனையின் முடி. அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி கடிதம் வந்தது. அஞ்சல்பெட்டியருகில் நின்றபடியே பிரித்தாள். நல்ல மனுஷர் யாரோ எழுதியிருந்தார், மரியாதையாக, பொறுமையாக. நீங்கள் அனுப்பிய இரண்டுமே கந்தக லூப்பின்தான், மிகத் துல்லியமாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள், பாராட்டுகிறோம். ஆனால் வடக்கு மேட்டுச் செடியில் அந்த நஞ்சு நிறைய இருக்கிறது, உங்கள் சொந்த மேட்டுச் செடியில் துளியும் இல்லை. ஒரே இனம்தான் என்றாலும் ஒரு மேட்டில் இருப்பது இன்னொரு மேட்டில் இருப்பதில்லை. வருடத்துக்கு வருடம்கூட அளவு மாறுகிறது. பூவையோ இலையையோ முடியையோ வைத்து இதைச் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் தடவை படித்தாள். பாராட்டுகிறோமாம்! அத்தனை மாதம் குனிந்து குனிந்து பார்த்ததில் ஒரு பிசகு இல்லை, பார்த்ததால் ஒரு பிரயோசனமும் இல்லை. பிசகு இருந்திருந்தால் திருத்தலாமே! சரியாக இருப்பதை என்னவென்று திருத்துவாள்?

வில்மர் வீட்டுக்குப் போகிற மூன்று மைலில் அவள் முடிவு செய்துவிட்டாள். பொய் சொல்லிவிடுவது. தப்பு என்னுடையது, வடக்கில் இருப்பது வெல்வெட், மேற்கில் விட்டுக்கொள் என்று சொல்லிவிடுவது. மேற்குச் செடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ஒருவேளை இல்லாமலும் இருக்கலாமே. இருந்தால் அடுத்த மார்ச்சிலும் அந்தக் குண்டுச் சத்தம்தான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கடிதத்தை மடித்துக் கோட்டுப்பையின் அடியில் திணித்தாள்.

வில்மர் வெளியே பிக்கப்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். பக்கத்துத் தொழுவத்தில் கடைசியாகப் பிறந்த கோணல் கன்று ஒன்று, முட்டியை மடக்கியபடியே தாயின் மடியை எட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவன் இன்னும் சுடவில்லை.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. நான்தான் தப்பு வில்மர். வடக்குல இருக்கறது வெல்வெட். கிழட்டுக் கண்ணு, ஏமாந்துட்டேன். நீ என்னைத் திட்டு, நல்லாத் திட்டு. ஆனா மாட்டை விக்காத. மேற்குல விட்டுக்கலாம்."

அவன் அவளைத் திட்டவில்லை. பிறகு வண்டிக் கதவைத் திறந்து, வெயில் பலகைக்குப் பின்னால் கையை விட்டு, காய்ந்து சுருங்கிய ஒரு பூத்தண்டை எடுத்தான். அதோடு ஒரு லென்ஸ். அவளுடையது மாதிரியே, புதுசு.

"ஆகஸ்ட்ல வாங்கினேன். உங்கிட்ட சொன்னா நீ கேலி பண்ணுவன்னு சொல்லல," என்றான். தடித்த விரலால் ஒரு பூவை மெதுவாகத் திருப்பி அவள் முன்னால் நீட்டினான். "இந்தா பாரு. கொடியிதழ் முதுகு. ஒரு முடி இல்லை. அப்பவே வடக்கு மேடு பூரா பார்த்துட்டேன், ஆர்டித். ஒவ்வொரு செடியா பார்த்தேன். ஒண்ணுலயும் இல்லை. எனக்கே தெரியுது, உனக்குத் தெரியாமப் போச்சா?"

கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் உதடு அசைய மெதுவாகப் படித்தான்.

"என் மேட்டுல கொண்டு வந்து விடு," என்றாள்.

"உன் மேடு உன் முப்பதுக்கே காணாது."

"காளையைத் தள்ளிப்போட்டு, பனிக்காலத்துல சேர்த்து விடு. கன்னு இலையுதிர் காலத்துல பொறக்கட்டும், ஜூலையில அது வயித்துல பெருசாகி ஆபத்தைத் தாண்டியிருக்கும்."

"பால் குடுக்குற நூத்திருபது மாட்டுக்குப் பனிக்காலம் பூரா தீனிக்கு எங்க போவேன்?"

"மேற்குச் செடியையும் அனுப்பிச் சோதிக்கலாம், வில்மர். ஒரே ஒரு தடவை."

"இந்த வருஷம் இல்லைன்னு வரும். அடுத்த வருஷம் இருக்கும். எழுதியிருக்காங்களே, பார்க்கலையா?" கடிதத்தை அதே மடிப்பில் மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தான். "நீ ஒரு தப்பும் பண்ணலை. எவ்வளவு அழகாப் பார்த்திருக்க! அதை அவங்களே எழுதியிருக்காங்க."

அதைவிட அவன் அவளை அறைந்திருக்கலாம்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் மாட்டு லாரிகள் வந்தன. ஏற்றி முடிக்கப் பதினொரு மணியாயிற்று. லாய்ட் கூப்பிடாமலே வந்து ஏற்றிவிட்டுப் போனான். கோணல் கன்றை லாரிக்காரர்கள் ஏற்ற மாட்டேன் என்றார்கள். அதன் தாய் லாரியின் கம்பி வழியாகக் கத்திக்கொண்டே போயிற்று. புழுதி அடங்கினதும் வில்மர் கொட்டகைக்குள் போனான். ஆர்டித் இந்தத் தடவை காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தவன் அவளோடு வடக்கு மேய்ச்சலின் கேட் வரைக்கும் நடந்தான். கேட் அகலத் திறந்து கிடந்தது. கம்பத்தடியில் லூப்பின் புதிதாகத் துளிர்விட்டு, விரல் விரலாக இலையை விரித்திருந்தது. அந்த வட்டாரத்தில் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பா இருவருக்கும் அடித்துச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். அவள் கை தானாக நீண்டு, கம்பி கேட்டை இழுத்துக் கம்பத்தில் மாட்டப் போயிற்று.

"விடு ஆர்டித்," என்றான் வில்மர். "தொறந்தே கெடக்கட்டும்."

அவள் கையை எடுத்துவிட்டாள்.